மல்ஜாவோடு சேரும் சொற்கள்

ஜுமுன்ஜின்
1988 பிப்ரவரி 3

அன்புள்ள மல்ஜாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முப்பது வருடத்துக்கு முன்பே சொன்னவன் நான். நீ மூன்றாவதாக உண்டாவாய் என்று சொன்னேன். உன் மாமியார் பெயர் விஷயமாக நம் குடும்பத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று சொன்னேன். கோபமாக எனக்கு ஒரு கடிதம் போடுவாய் என்றுகூடச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள், அதனால் சாட்சிக்கு ஆள் இல்லை.

இங்கே கடல்காற்று எலும்பைத் தொடுகிறது. கொடியில் போட்ட மீன் விறகுக்கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. முழங்கால் ஒன்றைத் தவிர நான் சௌக்கியம். உன் உடம்பு எப்படி? மாப்பிள்ளை தோக்சு, குழந்தைகள் யூன்ஜு, யூன்மி எல்லோரும் நலமா? தேகுவில் பனி உண்டா?

விஷயத்துக்கு வருகிறேன். இதுவும் பெண்ணாகப் பிறந்தால் குமான் என்று பெயர் வைக்கப்போவதாக உன் மாமியார் சொல்கிறாளாம். குமான், அதாவது போதும். நல்ல பெயர்தானே, இதற்கு ஏன் இத்தனை கோபம்? அவளுக்கு அந்த யோசனை வந்ததே நம் வீட்டுக் கதையைக் கேட்டுத்தான். போன இலையுதிர்காலத்தில் உன் அம்மா அங்கே வந்தபோது சொல்லியிருக்கிறாள். சரியாகச் சொன்னாளோ என்னவோ, நான் சொல்கிறேன்.

நீ நான்காவது பெண். நீ பிறந்ததும் அண்ணி, உன் அம்மாதான், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், ஏழு நாள் திரும்பவே இல்லை. உன் பிறப்பைப் பதிய ஊராட்சி அலுவலகத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். உன் அப்பா படகு ஓட்டுவார், நான் பேனா ஓட்டுவேன். பெயரைச் சீன எழுத்தில்தான் பதிய வேண்டும், நம் குடும்பத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாதி வழியில், பாலத்துக்கு அருகே, ஒரு துறவி. நெஞ்சுவரை தொங்கும் வெள்ளைப் புருவம். நான் வாயைத் திறக்குமுன்னே, "நாலாவதும் பொண்ணுதானே? கடைசின்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வை. பையன் வருவான்" என்றார். மல்ஜா என்று பதிந்தேன். என் எழுத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த எழுத்தர், "இதைக் கண்ணாடி போட்டு மாட்டணும்" என்றார். இரண்டே வருடத்தில் உன் தம்பி கிதே பிறந்தான். இது ஊருக்கே தெரியும்.

ஆக, நீ பிறந்த வேளை நல்ல வேளை. உடம்பைப் பார்த்துக்கொள். கனமானதைத் தூக்காதே.

உன் சித்தப்பா
சோய் சாங்ஷிக்


தேகு
1988 பிப்ரவரி 19

சித்தப்பாவுக்கு வணக்கம்.

முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள். நாங்கள் எல்லோரும் நலம். எனக்கு ஏழாம் மாதம்.

உங்கள் கடிதத்தை மாமியார் இருக்கும்போது பிரித்தது என் தப்பு. என் கையிலிருந்து வாங்கி, தோக்சுவை உட்கார வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். வெள்ளைப் புருவம் வந்த இடத்தில் தொடையில் தட்டினார். "பாத்தியா? நான் சொன்னேன்ல? உங்க வீட்டுக்குப் பலிச்சது எங்க வீட்டுக்குப் பலிக்காதா?"

சித்தப்பா, என் அக்காக்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். சுன்ஜா, சாந்தமானவள். யோங்ஜா, பூ மாதிரியானவள். மிஜா, அழகி. நான்காவதாக மல்ஜா. கூப்பிட்டால் நான்கும் ஒன்றுபோல ஒலிக்கும். மூன்று பேர் மனிதர்கள், நான் மட்டும் முற்றுப்புள்ளி.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆசிரியர் என் பெயரைப் படித்துவிட்டு, "கடைசிப் பொண்ணா? அப்ப கடைசில போய் நில்லு" என்றார். சிரிப்புக்காகத்தான் சொன்னார். ஆறு வருடம் அங்கேயே நின்றேன். கிதேவுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா என்னைத்தான் பார்ப்பாள். திருமணத்துக்கு முன்பு பெயரை மாற்ற நீதிமன்றத்தில் மனுப் போடுகிறேன் என்றபோது என் காலில் விழுந்தாள். "உன் பேர்லதான்டி அவன் உசிரு இருக்கு. அவன் கடலுக்குப் போறவன்." அன்றோடு விட்டுவிட்டேன்.

உங்கள் பாட்டையும் மறக்கவில்லை. மீன் சந்தையில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, என் பெயரோடு பல்ஜாவை, அதாவது தலையெழுத்தை, சேர்த்து, "மல்ஜா மல்ஜா, உன் பல்ஜா என்ன?" என்று பாடுவீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். யாராவது உங்களுக்கு ஒரு கிண்ணம் அரிசிக்கள் ஊற்றுவார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பாடினார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் துறவி எந்தக் கோயில், பெயர் என்ன என்று சொல்லுங்கள். அல்லது அப்படி யாரும் இல்லை என்று மாமியாருக்கு ஒரு வரி எழுதுங்கள். என் வயிற்றில் இருப்பதற்கு நான் அந்தப் பெயரை வைக்க விடமாட்டேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மல்ஜா


ஜுமுன்ஜின்
1988 மார்ச் 16

அன்புள்ள மல்ஜாவுக்கு,

பனி கரைந்துவிட்டது. உப்பு ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் இப்போது இருபது வயசுப் பையனுடையது மாதிரி. நேற்று படகுத்துறையில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், ஓடியிருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன். உன் உடம்பு எப்படி? கால் வீங்குகிறதா?

உன் கடிதம் படித்தேன். என் பாட்டைப் பற்றி இப்படி எழுதலாமா? ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். பல்ஜா மட்டுமா உன் பெயரோடு சேரும்? சல்ஜா என்று சொல், வாழ்வோம் என்று ஆகிறது. நோல்ஜா என்று சொல், விளையாடுவோம் என்று ஆகிறது. நல்ஜா என்றால் பறப்போம். சுன்ஜாவுக்கு இப்படி நான்கு சொல் சேருமா? அந்த வரிகளையும் நான் பாடியிருக்கிறேன். சந்தையில் அதற்குள் எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள், அதனால் உன் காதில் விழுந்திருக்காது.

துறவியைப் பற்றிக் கேட்டாய். அவர் கோயிலில் தங்குகிறவர் இல்லை, மலையில் திரிகிறவர். கறுப்பு மாட்டின் மேல் உட்கார்ந்து வந்தார். மொட்டைத் தலை, முகத்தில் ஒரு முடி கிடையாது, முட்டை மாதிரி பளபளப்பு. "தம்பி, உன் கையில நல்ல எழுத்து இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

இல்லாத ஒருவரை இல்லை என்று எழுதலாம். இருந்தவரை எப்படி எழுதுவது? உன் மாமியார் முன்னால் நம் குடும்பத்துக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

ஆண் பிள்ளையாகத்தான் பிறக்கும், கவலைப்படாதே. நான் சொல்லிப் பொய்த்தது இல்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

சித்தப்பா


தேகு
1988 மார்ச் 27

சித்தப்பாவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சுவரை வெள்ளைப் புருவம் இருந்தது. மார்ச்சில் முகத்தில் ஒரு முடி இல்லை. பிப்ரவரியில் பாலத்தருகே நின்றார். மார்ச்சில் மாடு வாங்கிவிட்டார். ஏப்ரலில் என்ன, விமானமா?

மே மாதம் நடுவில் பிறக்கும் என்கிறார் மருத்துவச்சி. மாமியார் பெயரை ஒரு தாளில் எழுதி, மூதாதையர் படத்தின் அடியில் வைத்துவிட்டார். யூன்ஜு அதை எடுத்துப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, எது போதும்?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. நான் என்ன சொல்ல? "நீயும் உன் தங்கச்சியும் வந்ததே போதும்னு பாட்டி சொல்றாங்க" என்றா?

தோக்சு நல்லவர். "அம்மாவை எதுத்து எப்படிப் பேசறது" என்று கேட்கிற நல்லவர்.

உங்கள் மரியாதையை முப்பது வருடமாக என் முதுகில் சுமக்கிறேன். என் மகள் முதுகில் ஏற்றாதீர்கள். துறவி இல்லை என்று எழுதுங்கள். இரண்டே சொல்.

மல்ஜா


ஜுமுன்ஜின்
1988 ஏப்ரல் 25

அன்புள்ள மல்ஜாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று எழுதலாம்தான், ஆனால் உடம்பு நன்றாகவே இருந்தது. செர்ரிப் பூ வந்து போயிற்று. உனக்கு நாள் நெருங்கிவிட்டதே, பயப்படாதே.

நீ இனி என்னைக் கையெடுத்துக் கும்பிடுவாய். உன் மாமியாருக்கு நேற்று நானே எழுதிவிட்டேன், நான்கு பக்கம். துறவி இல்லை என்று சொன்னால் அந்தம்மா நம்புவாளா? நம்பமாட்டாள். அதனால் மூளையைக் கசக்கினேன். துறவி போகும்போது திரும்பிப் பார்த்து, "இந்த மாதிரி பேர் ஒரு ரத்தத்துல ஒருதரம்தான் வைக்கலாம். அம்மாவுக்கும் வச்சு மகளுக்கும் வச்சா, வர்ற பையன் வாசல்லயே திரும்பிப் போயிடுவான்" என்று எச்சரித்ததாக எழுதியிருக்கிறேன். எப்படி? குமான் இனி உன் வீட்டுப் படி ஏறாது. ஒரு வக்கீலுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

உன் அம்மா சௌக்கியம். கிதே படகுக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறான். பிறந்ததும் தந்தி கொடு.

சித்தப்பா


தேகு
1988 மே 20

சித்தப்பாவுக்கு,

பதினாறாம் தேதி காலை பெண் பிறந்தாள். தாயும் குழந்தையும் நலம். நீங்கள் சொல்லிப் பொய்த்தது இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

வாசலில் வைக்கோல் கயிறு கட்டினார்கள். யூன்மி ஓடிவந்து, "அம்மா, கயித்துல மிளகாய் இல்ல, கரிதான் இருக்கு" என்றாள். மிளகாய் என்றால் பையன், கரி என்றால் பெண்; தெருவில் போகிறவர்கள் கரியைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போகிறார்கள். மாமியார் கடற்பாசிச் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தையின் முகத்தைத் தொடாமல் போர்வையை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனார்.

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை நம்பிவிட்டார். முழுவதுமாக நம்பிவிட்டார். குமான் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பதிலாக, "அவ்வளவு தெரிஞ்ச சாமியாரு, அதே ரத்தத்துல வந்த அடுத்த பொண்ணுக்கு என்ன பேர் வைக்கணும்னு அவருக்கே தெரியுமே. அவர்கிட்டயே கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பப் போகிறார். ஜுமுன்ஜின் பக்கத்து மலையெல்லாம் ஏறுவாராம். அறுபத்தெட்டு வயதில். கிடைக்காவிட்டால், குமானைவிட உறைப்பான பெயர் ஒன்று மனதில் இருக்கிறதாம். என்ன என்று கேட்டேன். "வச்சப்புறம் தெரியும்" என்றார்.

பதிவதற்கு ஒரு மாதம்தான். ஜூன் பதினைந்துக்குள் ஒரு பெயர் எழுதியாக வேண்டும். நான் இன்னும் அவளை "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறேன்.

உண்மையைக் கேட்டேன், இன்னொரு பொய்யைச் செய்து அனுப்பினீர்கள். அதையும் பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கு இப்போது பால்கூடச் சரியாகச் சுரக்கவில்லை. கோபத்தில் வற்றிவிடும் என்கிறார் மருத்துவச்சி. வற்றினால் அதுவும் உங்கள் கணக்கில்.

மல்ஜா


ஜுமுன்ஜின்
1988 மே 27

அன்புள்ள மல்ஜாவுக்கு,

உன் உடம்பும் குழந்தையின் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். சூப்பில் சிப்பி போட்டுக் குடி, பால் வரும். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

துறவி இல்லை.

புருவமும் இல்லை, மாடும் இல்லை. பாலத்தருகே அன்றைக்கு யாருமே இல்லை. உன் மாமியாரை மலையேற விடாதே.

நடந்தது இது. நீ பிறந்த பின்பு உன் அப்பா ஒரு துண்டுத்தாளில் பெயர் எழுதி என் கையில் கொடுத்தார். நாரே என்று எழுதியிருந்தது. நாரே என்றால் சிறகு. மூன்று பெண்களுக்கும் இல்லாத பெயர். "என் பொண்ணு பறக்கட்டும்டா" என்றார். நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் சந்தை. சந்தையில் அரிசிக்கள். அலுவலகத்துக்குப் போய்ப் பையில் கைவிட்டால் தாள் இல்லை. போதையில் பெயரும் ஞாபகம் இல்லை. நாலாவது பெண், கடைசியாக இருக்கட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். திட்டுக்குப் பயந்து துறவியைப் படைத்தேன். கிதே பிறந்ததும் துறவி பெரிய ஆளாகிவிட்டார், என்னால் அவரைக் கொல்ல முடியவில்லை.

தப்பு என்னுடையது, உன் அப்பாவுடையது அல்ல.

உன் மாமியாரிடம் இதைச் சொல். செத்துப்போன சம்பந்தி, தன் பெண்ணுக்கு ஆசைப்பட்டு எழுதி, நிறைவேறாமல் போன பெயர் என்று சொல். செத்தவர் ஆசையைத் தட்ட அவளுக்குத் தைரியம் வராது. குழந்தைக்கு நாரே என்று பதி.

வேறு விசேஷம் இல்லை.

சித்தப்பா


தேகு
1988 ஜூன் 14

பதிந்துவிட்டோம். நாரே.

மாமியாரிடம் சொன்னபோது முதலில் கத்தினார். "சாமியாரே இல்லையா? உங்க சித்தப்பா ஒரு மனுஷனா?" என்றார். பிறகு மூதாதையர் படத்தின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கிழித்தார். "கடல்ல போன மனுஷன் ஆசைப்பட்ட பேரை நான் எதுக்குத் தடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, முதல்முறையாகக் குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்தார்.

ஆக, வேலை முடிந்தது. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்போல. சொல்லமாட்டேன்.

எனக்கும் ஒரு பெயர் இருந்தது. அப்பா எனக்கென்று ஒரு பெயர் எழுதினார். திருமணம்வரை அப்பாவின் ஒவ்வொரு திதிக்கும் வாசலோடு நின்றுகொண்டேன், பிறகு அதற்கும் போகவில்லை. என்னைக் கடைசி என்று ஒதுக்கியவருக்கு நான் ஏன் மது ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன். அவர் எனக்குச் சிறகு எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியும். தோளில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, என் தலையெழுத்தைப் பற்றிப் பாடினீர்களே, அப்போதும் தெரியும். ஒரு கிண்ணம் கள்ளுக்காக என் பெயரைத் தொலைத்து, இன்னொரு கிண்ணம் கள்ளுக்காக அதைப் பாட்டாக்கினீர்கள்.

குழந்தையின் நூறாம் நாள் விருந்து ஆகஸ்டில். அம்மாவும் கிதேவும் வருவார்கள். நீங்கள் வராதீர்கள்.

நலம் விசாரிக்கவில்லை, கவனித்திருப்பீர்கள்.

சோய் மல்ஜா


ஜுமுன்ஜின்
1988 ஜூலை 21

மல்ஜாவுக்கு,

மழை. நலமா?

பொட்டலத்தில் கடற்பாசி பத்துக் கட்டு இருக்கிறது. அலை மோதும் பாறையில் இறங்கி நானே அறுத்தது. இல்லை, சந்தையில் வாங்கியது.

சித்தப்பா


தேகு
1988 ஆகஸ்ட் 26

சித்தப்பாவுக்கு வணக்கம்.

கடற்பாசி வந்தது. நல்ல பாசி.

இருபத்துமூன்றாம் தேதி நூறாம் நாள் விருந்து நடந்தது. நாரேவுக்குத் தலை நின்றுவிட்டது. அக்காக்கள் இரண்டு பேரும் அவளைச் சுற்றிக் குதித்து, "நாரே, நோரே, கோரே" என்று பாடினார்கள். சிறகு, பாட்டு, திமிங்கிலம். யூன்மி மணலையும் கொண்டுவந்து, "மோரே" என்றாள். நான் சாதம் பரிமாறிக்கொண்டே அந்தப் பெயரோடு சேரும் ஒரு கெட்ட சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். நாளைக்கு யாராவது கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று. கிடைக்கவில்லை.

அப்பாவுக்கும் ஒரு கிண்ணம் சாதம் வைத்தேன். முதல்முறை.

மாமியார் எல்லோர் முன்னாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் எழுதின அந்தச் சீட்டு மட்டும் இருந்திருந்தா சட்டம் போட்டு மாட்டியிருப்பேன் சம்பந்தி" என்றார்.

அம்மா அரிசி கேக்கை மென்றுகொண்டே, "எந்தச் சீட்டு?" என்றாள்.

"அதான், நாரேன்னு எழுதிக் குடுத்தாரே."

"யாரு, அவரா? அவருக்குப் பேனாவை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதே! படகு லைசென்சுல கட்டைவிரல்தான வச்சாரு."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் குழந்தைக்குத் துணி மாற்றப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். மாமியார் பிறகு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாரே அப்போது அவர் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் கேட்கிறேன். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, எனக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும். "உன் அப்பா படகு ஓட்டுவார், நான் பேனா ஓட்டுவேன்" என்று நீங்களே எழுதினீர்கள்.

அப்படியென்றால் சீட்டை எழுதியது யார்? சீட்டே இல்லையென்றால், அந்தப் பெயரை அப்பா வாயால் சொன்னாரா, இல்லையா? அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அடுத்த மாதம் அறுவடைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைக்கு வருவதாக இருக்கிறேன். எதற்காகக் குனிகிறேன் என்று தெரியாமல் குனியமாட்டேன். புருவமும் மாடும் போதும். இன்னொரு முறை என்னை ஏமாற்றினால் உங்கள் கடிதங்களைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

மல்ஜா


ஜுமுன்ஜின்
1988 செப்டம்பர் 12

அன்புள்ள மல்ஜாவுக்கு,

"இதுவும் எனக்கு முன்பே தெரியும்" என்று எழுத ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். மேலே மைக்கறை இருக்கிறதே, அதுதான். தெரியாது. அண்ணி கேக்கை மென்றுகொண்டே முப்பது வருடத்தை ஒரே வாயில் கவிழ்ப்பாள் என்று எனக்குத் தெரியாது.

முழங்கால் வலிக்கிறது. எப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

சீட்டு இல்லை. அன்றைக்கு நான் குடிக்கவும் இல்லை. குடித்திருந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மன்னிப்பாய் என்று நினைத்தேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், இஸ்திரி போட்ட சட்டையோடு, ஒரு மணி நேரம் நடந்து போனேன். இருபத்திரண்டு வயது. வழியெல்லாம் பெயர் யோசித்துக்கொண்டு போனேன். சுன்ஜா, யோங்ஜா, மிஜா. இவற்றோடு சேர்கிற மாதிரி ஒன்று. பாலம் தாண்டும்போது கிடைத்தது: ஜின்ஜா. முத்து. கடற்கரைப் பெண்ணுக்கு முத்து, இதைவிட என்ன வேண்டும்? துறவி நின்றதாகச் சொன்ன இடத்தில் எனக்கு அதுதான் வந்தது.

அலுவலகத்தில் வரிசை. எனக்குப் பின்னால் படகுச் சொந்தக்காரர் இரண்டு பேர் நின்றார்கள். எழுத்தர், "பேரைச் சொல்லுங்க, நானே எழுதிக்கறேன்" என்றார். நான், "வேண்டாம், எனக்கே சீன எழுத்து வரும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிப் பேனாவை வாங்கினேன்.

மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனவன் நான். ஜா எழுதத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். முத்துக்குரிய எழுத்து வரவில்லை. எத்தனை கோடு, எந்தப் பக்கம் வளையும், எதுவும் வரவில்லை. பேனா தாளுக்கு மேலே நின்றது. பின்னால் ஒருவர், "என்னப்பா, மை தீந்துபோச்சா?" என்றார். இன்னொருவர் சிரித்தார். மீன் ஏலக் கொட்டகையில் ஒரு பலகை மாட்டியிருக்கும், மாதக் கடைசி நாள் விடுமுறை என்று. தினமும் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த எழுத்து ஒன்று இருந்தது. கடைசி. அதை எழுதினேன். பக்கத்தில் ஜாவை எழுதினேன். எழுத்தர் படித்துவிட்டு, "மல்ஜா. சரிதான், இதோட நிறுத்திக்கலாம்னா?" என்றார். கண்ணாடி போட்டு மாட்டச் சொல்லவில்லை.

எனக்கு எழுதத் தெரியாத ஒரு எழுத்துக்காக நீ ஆறு வருடம் வரிசையின் கடைசியில் நின்றாய். இதை நான் எழுதி இன்றைக்குத்தான் படித்துப் பார்க்கிறேன். அடுப்பில் போடுவது என்றால் இந்த வரிக்குப் பிறகு போடு.

வீட்டுக்கு வந்தேன். அண்ணி சுவர்ப் பக்கம் படுத்திருந்தாள். தலைமாட்டில் சூப்பு ஆறிக் கிடந்தது. முதுகைத் திருப்பாமலே, "என்ன பேரு வச்சீங்க?" என்றாள். கடைசி என்று எப்படிச் சொல்வது? அப்போதுதான் துறவி வந்தார். பையன் வருவான் என்று அவர் சொன்னதாகச் சொன்னதும் அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். சூப்பைக் குடித்தாள். உன்னை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இந்த இடத்தில் நான் எதையும் கூட்டவில்லை. அவளிடமே கேட்டுப் பார், சூப்பு ஆறியிருந்தது என்பதுவரை சொல்வாள்.

அதனால் துறவியை உயிரோடு வைத்தேன். பிறகு அவரைச் சொன்னால் கள் கிடைத்தது. அதுவும் உண்மை.

நான் பாடாத வரிகளைப் பாடியதாக மார்ச் மாதம் எழுதினேன். பாடவில்லை. பல்ஜாவோடு நிறுத்திக்கொண்டேன். மற்றவை உனக்குக் கடிதம் எழுதும்போதுதான் தோன்றின.

அறுவடைத் திருநாளுக்கு வா. அப்பாவின் கல்லறையில் புல் வளர்ந்துவிட்டது, கிதேவும் நானும் வெட்டிவைக்கிறோம். நீ வரும் நேரத்தில் நான் இருக்கமாட்டேன், பயப்படாதே. பெயரை மாற்ற மனுப் போடுவதென்றால் சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன். இதே கதையை நீதிபதி முன்னாலும் சொல்கிறேன். அண்ணியிடமும் நானே சொல்லிவிட்டேன். நேற்று அவளாகவே, "கிதேக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். ஆகாது என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

மாப்பிள்ளை, மாமியார், குழந்தைகள் எல்லோருக்கும் என் அன்பு. குழந்தைக்குக் காற்று படாமல் பார்த்துக்கொள்.

உன் சித்தப்பா
சோய் சாங்ஷிக்

நீ ஒன்றுதான் கேட்டாய். அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உன் அப்பா நாரே என்று சொல்லவில்லை. எந்தப் பெயரும் சொல்லவில்லை. கடலுக்குக் கிளம்பும்போது பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "ஏதாவது ஒண்ணு வச்சிட்டு வாடா" என்றார், அவ்வளவுதான். மே மாதம் உனக்குப் பதில் எழுத பஸ் நிலையத்துக் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மேசையில் கடைக்காரியின் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் நோட்டின் அட்டையில் இருந்த பெயர் அது. சீன எழுத்து வேண்டாத பெயர். ஒரு முறை பார்த்தேன். பிறகு பார்க்காமலே என்னால் எழுத முடிந்தது.